தசமபாகத்தைப் பக்கத்து வீட்டுச் சித்திக்குக் கொடுத்துவிட்டேன், அது காணிக்கையில் சேருமா?

ஒட்டுப்பால்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். அருமனைப் பக்கம் ஊர். சொந்தமாக நூற்றிருபது மூடு ரப்பர் மரம், அது போக இன்னொருவர் தோட்டத்திலும் பால் வெட்டுகிறேன். மழை பிடித்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் காசும் கிடையாது, அதனால் கையில் காசு வரும்போதே பத்தில் ஒன்றைத் தசமபாகமாக ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பது வழக்கம். அப்பா பழக்கியது. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கவரில் போட்டு சபையில் கொடுப்பேன்.

போன மாதம் பெருமழையில் பக்கத்து வீட்டுச் சித்தியின் அடுக்களைக் கூரை இறங்கிவிட்டது. சொந்தச் சித்தி இல்லை, அப்படிக் கூப்பிட்டே பழக்கம். கூரை தாங்கும் கழுக்கோல் இரண்டு ஒடிந்து ஓடு மொத்தமும் அடுப்பின் மேல். அவர்களுக்குக் கணவர் இல்லை, மகன் வளைகுடாவில் வேலை போய் அங்கேயே மாட்டிக்கொண்டு கிடக்கிறான். நான் பாட்டிலைக் கவிழ்த்தேன், 4,200 ரூபாய் இருந்தது. அப்படியே கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பட்டியல் வாசித்தார்கள். என் பெயர் இல்லை. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது கமிட்டியில் ஒருவர், "என்னடே, இந்த மாசம் பாட்டில் உடைஞ்சு போச்சா?" என்றார், நாலு பேர் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரவெல்லாம் தூக்கமில்லை. கேள்வி இதுதான்: நான் கொடுத்தது தர்மமா, காணிக்கையா? தசமபாகம் இன்னும் என் தலைமேல் பாக்கி நிற்கிறதா?

ஜெபவீரன்77:
பிரதர், வருத்தப்படாதீர்கள், ஆனால் வேதாகம வசனம் தெளிவாக இருக்கிறது. மல்கியா 3:10, தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள். பண்டசாலை என்றால் சபை. சித்திக்குக் கொடுத்தது நல்ல காரியம்தான், ஆனால் அதை உங்கள் பங்கிலிருந்து கொடுத்திருக்க வேண்டும், கர்த்தருடைய பங்கிலிருந்து அல்ல. அவருடையதை எடுத்துத் தர்மம் செய்ய நாம் யார்? அந்த 4,200 போட்டு விடுங்கள், வானத்தின் பலகணிகள் திறக்கும்.

வெள்ளறடைக்காரி:
அதே மல்கியா 3-இல் ஐந்து வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று வாசித்தீர்களா ஜெபவீரன்? கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகச் சாட்சியாய் வருவேன் என்கிறார். பத்தாம் வசனத்தைக் கவரில் அச்சடிக்கிறோம், ஐந்தாம் வசனத்தை அச்சடித்த கவரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பக்கம் தோட்டக்காரர்கள் சிலர் பால்வெட்டுக்காரருக்கு இரண்டு மாதம் கூலி பாக்கி வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து ஸ்தோத்திர காணிக்கை போடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அது அந்தக் கூலிக்காரனுடைய காணிக்கை.

தாமிரபரணி அக்கரை:
குழித்துறையிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, தசமபாகம் என்றதும் மல்கியாவுக்கு ஓடுகிறோம், உபாகமம் 14-ஐ யாரும் திறப்பதில்லை. அங்கே ஒரு வினோதம் இருக்கிறது. ஆலயம் தூரமாக இருந்தால் தசமபாகத்தை விற்றுக் காசாக்கி, அங்கே போய், உனக்கு இஷ்டமானதை வாங்கி, உன் வீட்டாரோடு அவர் சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்று இருக்கிறது. அதாவது கொடுத்தவனும் சாப்பிடுகிறான்! அப்புறம் மூன்றாம் வருஷத்துப் பத்தில் ஒன்று ஆலயத்துக்கே போவதில்லை, அவனவன் ஊர் வாசலிலேயே வைக்க வேண்டும், ஆலய ஊழியம் செய்கிற லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று. உன் சித்தி அந்த வாசலில் நிற்கிற ஆள். எந்த வருஷம் மூன்றாம் வருஷம் என்று கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிட்டாய், அவ்வளவுதான்.

பவுலும் எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையில் பணம் சேர்க்கிறார் இல்லையா, இரண்டாம் கொரிந்தியர் 9:12, அந்த உதவியைக் கிரேக்கத்தில் 'லெய்தூர்கியா' என்கிறார். இன்றைக்குச் சபைகளில் வழிபாட்டு முறைக்குச் சொல்கிற அதே சொல். பசித்தவனுக்கு அனுப்புகிற பணத்துக்கும் பீடத்தில் நடக்கிற ஆராதனைக்கும் அவர் ஒரே சொல்லை வைத்திருக்கிறார். பிலிப்பி சபையார் சிறையிலிருந்த அவருக்கு அனுப்பிய செலவுப் பணத்தையும் சுகந்த வாசனையான பலி என்றுதான் எழுதுகிறார், பிலிப்பியர் 4:18. தூபம் எங்கே புகைந்தது? அந்தப் பணத்தைக் கொண்டு போன எப்பாப்பிரோதீத்துவின் கைப்பையில்.

குர்பானா பையன்:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் மார்த்தாண்டம், மலங்கரைக் கத்தோலிக்கர். நாங்கள் திருப்பலியைக் 'குர்பானா' என்போம், சுறியானி மொழிச் சொல். மாற்கு 7-இல் இயேசு திட்டுகிறாரே, அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை, அந்தச் சொல்லும் இதுவும் ஒரே வேர். வேருக்கு நெருங்குவது, கிட்டே வருவது என்று பொருள். பெற்றவரைப் பட்டினி போட்டுவிட்டு 'கிட்டே வந்தேன்' என்று சொல்ல முடியாது, அதுதான் அங்கே சண்டையே.

நம் தமிழ்ச் சொல்லும் சளைத்தது இல்லை. காணிக்கை, காண் என்பதிலிருந்து வருவது. பெரியவரைக் காணப் போகும்போது கையில் கொண்டு போவது. அப்படியானால் யாரைக் கண்டோம் என்பதுதான் கேள்வி. ஒட்டுப்பால் அண்ணன் அடுப்பு மேல் கிடந்த ஓட்டைக் கண்டார்.

ஜெபவீரன்77:
சொல்லுக்குப் பொருள் சொன்னால் சபைக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது? எல்லோரும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன் என்று கிளம்பினால்?

பழைய பொருளாளர்:
ஜெபவீரன் கேட்பது நியாயமான கேள்வி, அதை யாரும் கிண்டல் செய்ய வேண்டாம். ஆறு வருஷம் ஒரு சபையில் பொருளாளராக இருந்தேன், எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன். ஆடி மாதம் வந்தால் வயிற்றில் புளி கரைக்கும். ரப்பர் வெட்டு இல்லை, கொத்தனாருக்கு வேலை இல்லை, காணிக்கை பாதியாகிவிடும், ஆனால் மணி அடிக்கிற தாத்தாவுக்குச் சம்பளம் பாதியாகாது. அவரும் ஏழைதான். சபைக்குப் போடும் காசெல்லாம் டைல்ஸுக்கும் கோபுரத்துக்கும் போகிறது என்று எழுதுகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

பட்டியல் வாசிப்பதைப் பற்றி. அது பெருமைக்கு என்று நினைக்கிறீர்கள். தொடங்கியது பயத்தில். வாசிக்காவிட்டால் அடுத்த வாரம் சந்தையில் 'கொடுத்த காசு கணக்கில் ஏறவில்லை' என்று பேச்சு வரும். பவுலுக்கே அந்தப் பயம் இருந்தது, இந்தத் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று இரண்டாம் கொரிந்தியர் 8:20-இல் எழுதி, கூட ஆள் அனுப்புகிறார். ஆனால் நான் கடைசி இரண்டு வருஷம் ஒரு மாற்றம் செய்தேன், கவருக்கு நம்பர். பெயரை வாசிக்காமல் நம்பரையும் தொகையையும் ஒட்டினோம். அவனவன் நம்பர் அவனவனுக்குத் தெரியும். முதல் மாதம் மொத்த வரவு குறைந்தது. ஏன் குறைந்தது என்று நீங்களே யோசியுங்கள். நாலாவது மாதம் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

செருப்பு மாட்டும்போது கேலி செய்தது தப்பு. பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவர் கேட்க மாட்டார்.

கடலோரக் கிறுக்கன்:
மலையில் இருப்பவர்கள் பட்டியலைப் பற்றிப் பேசுகிறீர்கள், கடற்கரையில் குத்தகை என்று ஒன்று கேள்விப்பட்டதுண்டா? பிடிக்கிற மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு, அதை வசூலிக்கிற உரிமையையே ஏலத்தில் எடுப்பார்கள். எங்கள் தாத்தா காலத்தில் கரையிலேயே நின்று வாங்கிவிடுவார்கள். அதைப் பற்றி நடந்த சண்டைகள் கொஞ்சமில்லை. அதில் ஆராதனை எங்கே இருந்தது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து தாத்தா ஏலக்காரனுக்குக் கொடுத்த பங்கில் இல்லை, அதற்கு முன்னால் வலையிலிருந்து ஒரு கை மீனை அள்ளிக் கரையில் நிற்கிற கிழவிகளின் பெட்டியில் போடுவாரே அதில் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லா வள்ளத்திலும் போடுவார்கள், அந்தக் கிழவிகளும் கையேந்த மாட்டார்கள், பெட்டியை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

2018 வெள்ளத்தில் கேரளத்து மீனவர்கள் ஆட்களை மீட்க வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அப்புறம் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தபோது எங்களுக்கு வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள். 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை அப்போது. அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது, பொருளாளர் அண்ணே?

பழைய பொருளாளர்:
இதர வரவு.
(சும்மா சொன்னேன். எங்கள் ரசீதுப் புத்தகத்தில் அதற்கு இடமே கிடையாது.)

நைட் டூட்டி:
எல்லோரும் கொடுக்கிற பக்கம் நின்றே பேசுகிறீர்கள். நான் வாங்கின பக்கம்.

நர்ஸிங் படிக்கும்போது அப்பா பனையிலிருந்து விழுந்து படுத்துவிட்டார். சபையில் எனக்கு ஃபீஸ் கட்டினார்கள். நன்றி மறக்கவில்லை, அந்த 15,000 இல்லையென்றால் இன்று இந்த யூனிஃபார்ம் இல்லை. ஆனால் அதைக் கொடுத்த விதம். அறுப்பின் பண்டிகை அன்று, ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது, வாழைக்குலைக்கும் சேவலுக்கும் நடுவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். செக்கைப் பெரிதாக ஒரு அட்டையில் எழுதி ஃபோட்டோ. என் கூடப் படித்த பையன்கள் எல்லாம் கீழே நின்றார்கள். அந்த ஃபோட்டோ ஆண்டறிக்கையில் வந்தது, அம்மா அதை அலமாரிக்குள் மடித்து வைத்திருக்கிறாள், ஏன் கிழிக்கவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அதே வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் யாரோ ஒரு மூட்டை மரச்சீனிக் கிழங்கும் ஒரு கிலோ கருவாடும் வைத்துவிட்டுப் போனார்கள். யார் என்று இன்று வரை தெரியாது. ஊரில் யாரைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு போவேன். ஒன்று வாங்கி நான் ஒருவருக்குக் கடன்பட்டவள் ஆனேன், இன்னொன்று வாங்கி ஊர் மொத்தத்துக்கும் பிரியப்பட்டவள் ஆனேன்.

ஒட்டுப்பால் அண்ணே, உங்கள் சித்தி இந்த இழையைப் பார்ப்பார்களா? அடுக்களை, வளைகுடா, அருமனை என்று எல்லாம் எழுதிவிட்டீர்களே.

ஒட்டுப்பால்:
பார்க்க மாட்டார்கள், அவர்களிடம் பட்டன் ஃபோன்தான். ஆனால் நீ சொன்ன பிறகு எனக்கு முகம் சுருங்கிவிட்டது தங்கச்சி. ஊர்ப் பெயரையாவது மாற்றி எழுதியிருக்கலாம்.

வெள்ளறடைக்காரி:
ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. தூக்கம் வராதது தசமபாகம் பாக்கி நிற்கிறது என்பதாலா, பட்டியலில் பெயர் வராததாலா?

ஒட்டுப்பால்:
(இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.)

சேச்சி, பெயர் வராததால்தான். நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்பா பெயர் அந்தப் பட்டியலில் நாற்பது வருஷம் வந்தது, அவருக்குப் பிறகு என் பெயர், ஒரு மாதமும் விட்டதில்லை. பணம் எங்கே போனது என்று எழுந்து சொல்ல வேண்டும் போல் நாக்கு அரித்தது. சொல்லியிருந்தால் சித்தியின் கூரை விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கும். சொல்லாமல் இருந்தது சித்திக்காக இல்லை, கூச்சத்தால். அதை நல்லது என்று எண்ணிக்கொள்ள மனசு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. பணத்தைக் கொடுத்தபோது சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, ஆலயத்தில் கவர் போடும்போது ஒரு நாளும் வராத சந்தோஷம். அதற்குத்தான் கொடுத்தேனோ என்று இப்போது சந்தேகம்.

தாமிரபரணி அக்கரை:
சந்தோஷம் வந்ததற்கு ஏனப்பா சந்தேகம்? உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில்தான் பிரியம் என்று எழுதியிருக்கிறது, முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுக்கிறவனிடத்தில் என்று இல்லை. நாம் சுத்தமான மனசு வந்த பிறகு கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் சித்தி மழைக்குள் சோறு பொங்கிக்கொண்டிருப்பாள்.

என் அம்மா கதை ஒன்று. பிடி அரிசி. உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்புக்குப் பக்கத்துப் பானையில் போடுவாள். வாரக் கடைசியில் அது சபைக்குப் போகும். மிசோரத்திலும் இந்தப் பழக்கம் உண்டு, அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று இந்தப் பிடி அரிசி என்று படித்தபோது, அட, நம் அடுக்களை அங்கேயும் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். அம்மாவிடம் நான் ஒரு நாள் சண்டை போட்டேன். நாங்கள் ஆறு பேர், அரிசி நாலு பேருக்குத்தான் இருந்தது. இன்றைக்காவது அந்தப் பிடியை உலையில் போடேன் என்றேன். அவள் சொன்னது, "அளந்ததுக்கு அப்புறம் எடுத்தாத்தான் அது நம்ம அரிசி. அளக்கறதுக்கு முன்னாடி எடுத்தா பானையோட அரிசி." அப்போது புரியவில்லை, கோபம்தான் வந்தது. அன்றைக்கு அவள் கஞ்சித் தண்ணீர் குடித்தாள் என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் அக்கா சொன்னாள்.

இதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தப் பானையைச் சபையிலிருந்து எங்கள் வீட்டுக்கு அல்லவா கொண்டு வந்திருக்க வேண்டும். மாற்கு 12-இல் இரண்டு காசு போட்ட விதவையை எல்லோரும் மெச்சுகிறோம், அதற்கு முந்தின வசனத்திலேயே விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் என்று இருக்கிறது, அதை அவளோடு சேர்த்து வாசிப்பதில்லை.

குர்பானா பையன்:
எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை உண்டு, 1833-இல் பாரிஸில் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. வாரக் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், ரகசியப் பை. எல்லோரும் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும், போட்டாரா போடவில்லையா, எவ்வளவு, யாருக்கும் தெரியாது. வேலை இல்லாத மாதங்களில் நான் வெறும் கையை விட்டு எடுத்திருக்கிறேன், பக்கத்தில் இருந்தவர் அப்போதும் அதே மாதிரிதான் சிரித்தார். அப்புறம் இரண்டு இரண்டு பேராக வீடுகளுக்குப் போவோம், பணத்தை விட அங்கே போய் உட்காருவதுதான் முக்கியம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதலில் எனக்கு அது சாக்கு மாதிரி தெரிந்தது. ஒரு பாட்டி வீட்டில் பல்பு மாற்றிக் கொடுத்த அன்றைக்குப் புரிந்தது, அவர்களிடம் பல்பு இருந்தது, ஏறி மாட்ட ஆள் இல்லை.

ஜெபவீரன்77:
நான் முதலில் எழுதினதை வாபஸ் வாங்கவில்லை, சபைக்குக் கொடுப்பது கட்டளை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் நைட் டூட்டி சிஸ்டர் எழுதினதை வாசித்த பிறகு, நான் போன கிறிஸ்துமஸுக்கு அனாதை இல்லத்தில் சேலை கொடுத்து எடுத்த ஃபோட்டோவை ஸ்டேட்டஸிலிருந்து எப்போதோ போய்விட்டிருந்தாலும் ஃபோனிலிருந்தும் அழித்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் முகம் தெரிந்தது அதில்.

4,200 பற்றி: பிரதர், அதை மறுபடி போட வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து கவர் போடுங்கள்.

வெள்ளறடைக்காரி:
கொஞ்சம் பேச்சை மாற்றுகிறேன். எங்கள் குருசுமலைக்குத் தவக்காலத்தில் ஆட்கள் ஏறும்போது வழியில் மோரும் சுக்குக் காப்பியும் வைத்துக்கொண்டு நிற்போம். ஏறுகிறவர்களில் பாதி தமிழ், பாதி மலையாளம், யார் எந்தச் சபை, யார் சபையே இல்லாதவர் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வருஷம் எங்கள் கூட்டத்தில் ஒருவர் பேனர் கட்டலாம் என்றார். பேனர் வந்தது. அன்றைக்கு மோர் குடித்தவர்கள் எங்களைப் பார்க்காமல் பேனரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் அந்தப் பேனரை மடித்து வெயிலுக்குக் கூரையாகக் கட்டினோம், எழுத்து மேல் பக்கம், ஆண்டவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

கூரை என்றதும் ஞாபகம் வருகிறது ஒட்டுப்பால், அந்த அடுக்களை இப்போது எப்படி இருக்கிறது?

ஒட்டுப்பால்:
அதை எழுதத்தான் வந்தேன். 4,200-க்குக் கழுக்கோலும் அதன் மேல் ஓடு தாங்கும் பட்டியல் சட்டமும் வாங்கியாயிற்று. பழைய ஓட்டில் முக்கால்வாசி உடையாமல் இருக்கிறது, அடுக்கி வைத்திருக்கிறேன். ஆசாரி கூலி ஒரு நாளைக்கு 1,200 கேட்கிறார், இரண்டு நாள் வேலை, அதுதான் இழுத்துக்கொண்டு நிற்கிறது. இப்போது தார்ப்பாய்க்குக் கீழேதான் சமையல்.

கடலோரக் கிறுக்கன்:
ஆசாரி ஒருத்தர் போதும், கூட மாட ஆள் இருந்தால் ஒரு நாளில் முடியும். நான் கொல்லத்து ஓடு வேய்ந்திருக்கிறேன், எங்கள் வீடே அதுதான். வெள்ளிக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை.

பழைய பொருளாளர்:
ஏணி என்னிடம் இருக்கிறது, இரட்டை ஏணி. ஆசாரி கூலியில் ஒரு பங்கு என் கணக்கில். எவ்வளவு என்று கேட்க வேண்டாம்.

ஒட்டுப்பால்:
கடலோர அண்ணே, அப்படியானால் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. நான் வெட்டு முடித்துப் பால் ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். மழை பிடித்தால் சனிக்கிழமை. களியல் ரோட்டில் இறங்கி ஃபோன் செய்யுங்கள், வழி தனிச் செய்தியில் அனுப்புகிறேன், இங்கே எழுதவில்லை. பாட்டில் உடைஞ்சு போச்சா என்று கேட்ட அந்தக் கமிட்டிக்காரரிடமும் கேட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார், அவருக்குக் கூரை ஏறப் பயம், கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுப்பாராம். சாப்பாடு சித்தி பொங்குவார்களாம், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மரச்சீனியும் மீன்கறியும். மீன் யாராவது கொண்டு வந்தால் நல்லது.

கடலோரக் கிறுக்கன்:
மீன் என் பொறுப்பு. சாளை போதுமா?